கொடை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாமா?

“கீமோ இல்லையாம், ஹார்மோன் ஊசிதானாம். ஊர்க் கோயில் கொடை முடியட்டும், போட்டுக்கொள்ளலாம்.” புராஸ்டேட் புற்றுநோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். முடி கொட்டுவதில்லை, ஊசி போட்ட அன்றே பஸ் ஏறி வீடு திரும்பிவிடுகிறார். அதனால் இதையும் சத்து ஊசிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இவ்வளவு ஆபத்தான அலட்சியம் வேறில்லை.

இந்த ஹார்மோன் ஊசிகளில் ஒன்றான கோசெரலினையே எடுத்துக்கொள்வோம். அது திரவமல்ல, அரிசி மணியைவிடச் சன்னமான ஒரு குச்சி. தொப்புளுக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்து, தடித்த ஊசியால் உள்ளே வைக்கிறார்கள். தானே கரையும் பாலிமருக்குள்ளிருந்து மருந்து மெல்லக் கசிகிறது. 3.6 மில்லிகிராம் குச்சிக்குக் கெடு 28 நாள், 10.8க்கு 12 வாரம். ‘மாதம் ஒன்று’ என்று காலண்டரில் ஒன்றாம் தேதியைச் சுழித்து வைப்பவர், வருடத்துக்கு 13 ஊசி போடவேண்டிய இடத்தில் 12தான் போடுகிறார். சில நாள் பிசகினால் பரவாயில்லை என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தச் சில நாளைத்தான் நம் ஆட்கள் மூன்று வாரமாக இழுக்கிறார்கள்.

விந்தகத்தை அகற்றினால் முற்றிய புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று 1941இல் காட்டினார் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபல் பரிசு பெற்றார். கத்தி செய்ததைத்தான் இந்தக் குச்சியும் செய்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே அமுக்கி வைக்கிறது, மருந்து இருக்கும்வரை. தாமதம் நீள நீள டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. நோய்க்கு அதுவே தீனி. ‘பிஎஸ்ஏ இறங்கிவிட்டதே, இனி எதற்கு?’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயின் போக்கைக் காட்டும் அந்த ரத்த அளவை இறக்கியதே இந்த ஊசிதான். இடைவெளி விட்டுத் தரும் சிகிச்சையும் உண்டு. அதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்யவேண்டும், கொடைக் கமிட்டி அல்ல.

இன்னொரு கூத்து, முதல் ஊசிக்குப் பிறகு. தொடக்கத்தில் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் இறங்காது, ஏறும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு வலி கூடலாம்; தண்டுவடம் நெரிபட்டுக் கால்கள் செயலிழக்கவும் கூடும். இதைத் தடுக்கத்தான் பைகாலுடமைடு போன்ற மாத்திரை எழுதித் தருகிறார்கள். ‘ஊசியே போட்டாச்சே’ என்று அதை அலமாரியில் போட்டுவிடுகிறார் ஒருவர். கால் மரத்துப் போவதை ‘ஊசிச் சூடு’ என்று பொறுத்துக்கொள்கிறார் இன்னொருவர். அப்போது உடனே ஓடவேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

பக்கவிளைவே இல்லை என்பதும் சுத்தப் பொய். இந்த வகை மருந்துகளில் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுகிறது என்ற எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் உத்தரவிட்டது. எலும்பும் மெலியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்பே சொல்லாவிட்டால், ஊசி ரத்தக் குழாயில் பட்டு வயிற்றுக்குள் கசிவு ஏற்படலாம்.

இதே ஊசியைப் பெண்களுக்கும் போடுவதுண்டு; அலைச்சல் மிச்சம் என்று 10.8 கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். பெண்களின் ஈஸ்ட்ரோஜனை அது நம்பகமாக அடக்கும் என்பதற்குப் போதிய தரவு இல்லையென்று அமெரிக்க மருந்துக் குறிப்பு அதைப் பெண்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. கெடு தவறினால் கருமுட்டை வெளிவந்து கர்ப்பமும் தரிக்கலாம்.

நோயாளியை மட்டும் ஏசிப் பயனில்லை. கையில் சீட்டைத் திணித்து ‘அடுத்த மாசம் வாங்க’ என்று அனுப்பும் மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. தூரத்தாலோ பணத்தாலோ தேதி காக்க முடியாத ஆணிடம், ஒரே தடவையில் முடியும் விந்தக அறுவை என்ற வழியும் இருப்பதை வெட்கப்படாமல் எடுத்துச் சொல்லவேண்டும். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.