மூன்று கோணம் கேளுங்கள்
மார்புக்குள் புற்று பரவினாலும் வயதான பூனை பெரும்பாலும் இருமாது. சாப்பாட்டைக் குறைக்கும், ஒதுங்கிப் படுக்கும், வயிறு எக்கி மூச்சு வாங்கும். நாமோ ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். முன்பு முலைக்கட்டி வந்த பூனையென்றால் அப்படி விடவே கூடாது; பூனைக்கு வரும் முலைக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுதான், நுரையீரலுக்கும் பரவக்கூடியவை. ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்கையில் கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கி, அங்குள்ள கட்டி படத்தில் மறைந்துபோகும். அதனால்தான் இடம், வலம், மல்லாக்க என மூன்று கோணம் வேண்டும். மிகச்சிறிய கட்டிகள் சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். மார்புக்குள் நீர் கோத்திருந்தால் முதலில் ஊசியால் எடுத்து மூச்சைச் சீராக்க வேண்டும். அந்த நீரில் புற்றுச் செல் தென்படாததாலேயே புற்று இல்லை என்றாகிவிடாது. தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால், அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.