காரைத் தாழ்த்துமுன் கணக்கைப் பாருங்கள்



எருத்தேன்பதியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குச் சென்று வரும் இளைஞர்கள் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கைமாறிய கார், தவணையும் தீர்ந்திராது. எனினும் அதன் உடலைச் சிறிது தாழ்த்திப் பந்தயக் கார் போல ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவர்களிற் சிலருக்கு உண்டு. ‘குறைந்த செலவில் எந்தச் சுருள்வில், எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?’ என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. விடுமுறைக்கு ஊர் திரும்பும் வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இதையே கேட்கின்றனர்.

இவ்வாசையை நகைப்பதற்கில்லை. கோவை, மோட்டார்ப் பந்தயத்திற்குப் பேர்போன நகரம். மாருதி காரின் உறுப்புகளைக் கொண்டே பந்தயக் கார் அமைத்து, பெரும் பணம் இல்லாதவரும் பந்தயத்தில் இறங்க வழி செய்தவர் கரிவரதன். 1995-இல் அவர் மறைந்த பின்னர், செட்டிபாளையத்து ஓடுதளத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. ஆனால் பந்தயத் தளம் வேறு. கொழிஞ்சாம்பாறைச் சாலை வேறு. இவ்வேறுபாட்டை மறவாமல் மேலே செல்வோம்.

முதலில் இவ்விரு உறுப்புகளின் தொழிலைப் பிரித்து அறிதல் வேண்டும். பழைய கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமையை நம் பெரியோர் நன்கறிவர். அச்சுக்கு மேல் வில்லைப் பொருத்தியதும் மேடுபள்ளத்தின் இடி குறைந்தது. ஆயின் வில் ஒன்று மட்டும் இருப்பின், ஒருமுறை அமுங்கிய வண்டி பலமுறை குதித்த பின்னரே அடங்கும். அக்குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும்போது குதிப்பின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைகிறது. சுருங்கச் சொன்னால், சுமையைத் தாங்குவது சுருள்வில்; ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் எனக்கு இதை விளக்க ரயில் பெட்டியே போதும். 1955-இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டிகளில், சக்கர அச்சுக்கு மேலே சுருள்வில்லும் அதனோடு எண்ணெய்க் கூடும் இருக்கும். அதற்கும் மேலே இரண்டாம் அடுக்காகச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் அமையும். ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கணக்கிட்டே அவற்றை அமைத்தனர். ஒன்றை மட்டும் நம் விருப்பம் போல் மாற்றினால் மற்றொன்றின் கணக்குத் தவறும். காருக்கும் இதுவே விதி.

தாழ்த்துவதால் கிடைக்கும் பயன் என்ன? வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதை 3 செ.மீ. இறக்கினால், வளைவில் உட்புறச் சக்கரத்திலிருந்து வெளிப்புறச் சக்கரத்திற்கு மாறும் சுமை ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு குறையும். அவ்வளவே. மேலும், இன்றைய சிறு கார்களின் முன்புறத்தில் காணும் மெக்ஃபெர்சன் அமைப்பில் உடலைத் தாழ்த்தும்போது, வண்டி சாய்வதற்கு மையமாகும் புள்ளி எடைமையத்தினும் வேகமாகக் கீழிறங்குகிறது. ஆதலின் சாய்வு குறைவதற்கு மாறாகக் கூடவும் கூடும். அதை ஈடுசெய்யவே தாழ்த்தும் சுருள்களைக் கடினமாகச் செய்கின்றனர். பயனில் பெரும்பகுதி கடினத்தினால் வருவது. தாழ்வினால் வருவது சிறுபகுதியே.

இனி இழப்பின் கணக்கு. 900 கிலோ எடையை 15 செ.மீ. அமுங்கித் தாங்கும் சுருள்கள், பெற்றோரும் மனைவி மக்களும் மூட்டை முடிச்சுமாக 300 கிலோ ஏறினால் மேலும் 5 செ.மீ. அமுங்கும். காலி வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 17 செ.மீ. உயரம் எனில், குடும்பம் ஏறிய பின் 12 செ.மீ. மிஞ்சும். அதே வண்டியை 4 செ.மீ. தாழ்த்தி, கால் பங்கு கடினம் கூடிய சுருள் போட்டால், காலி உயரம் 13 செ.மீ.; குடும்பம் ஏறியதும் 4 செ.மீ. அமுங்கி 9 செ.மீ. மிஞ்சும்.

இந்திய சாலைக் காங்கிரசு வகுத்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; அகலம் 3.7 மீட்டர். அவ்வளவு அகலமாக அமைந்த தடையில் சக்கரங்களும் மேட்டின் மீதே நிற்பதால் வண்டி தப்பிவிடும். ஆனால் ஊருக்குள் ஒரு முழ அகலத்தில் எழுப்பிய தடைகளைக் காணாதவர் யார்? அங்கே முன் சக்கரம் இறங்கிய பின், மேட்டின் முழு உயரமும் வண்டியின் அடிவயிற்றுக்கு நேரே நிற்கும். 12 செ.மீ. தாண்டும் இடத்தில் 9 செ.மீ. உரசும். எண்ணெய்த் தொட்டி உடைந்தால், சுருளில் மிச்சம் பிடித்த பணம் எஞ்சினுக்குச் செலவாகும்.

பணமில்லை என்பதற்காகச் சுருளை அறுத்துக் குட்டையாக்குவோர் உளர். சுருளில் இயங்கும் சுற்றுகள் ஆறு என்றால், ஒன்றை அறுத்ததும் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அறுத்த முனை தன் இருக்கையில் சரியாக அமராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டைச் சுருள் இருக்கையை விட்டு நழுவவும் நேரும். காஸ் விளக்கால் சூடேற்றிச் சுருளைப் படியவைப்பது இன்னும் கொடிது. எஃகின் பதமே கெட்டு, சுருள் தளரும் அல்லது ஒடியும். பின் இருக்கையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இவ்விரண்டும் ஆகா.

புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளில் ஷாக் அப்சார்பர் மலிவாகக் கிடைக்கும். வெளியே வண்ணம் பூசியிருப்பர். உள்ளே வால்வு தேய்ந்திருப்பதைக் கண்ணால் அறிய முடியாது. கதவும் விளக்கும் பழையதாக வாங்கலாம்; ஷாக் அப்சார்பர் வாங்குதல் தகாது.

ஆகவே, விரலுக்குத் தகுந்த வீக்கமாக, கையிலுள்ள பணத்தை இவ்வரிசையில் செலவிடுங்கள்.

முதலாவது, சோதனை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா, மேல் தாங்கியும் ரப்பர் புஷ்களும் வெடித்துள்ளனவா, டயர் அலை அலையாகத் தேய்ந்துள்ளதா எனப் பாருங்கள். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் ஒரே அசைவில் அடங்க வேண்டும். இச்சோதனையில் தோற்ற ஷாக் அப்சார்பர் உறுதியாகக் கெட்டது. தேறியதெல்லாம் நல்லது என்று பொருளில்லை.

இரண்டாவது, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதிய ஷாக் அப்சார்பர்கள். ஒரே அச்சின் இரு புறமும் சேர்த்தே மாற்றுங்கள். அவிழ்க்கும்போதே மேல் தாங்கியையும் தடுப்பு ரப்பரையும் மாற்றினால் கூலி ஒன்றாக முடியும். எண்ணெய் மட்டும் உள்ளதைவிட, சிறிது வாயு அழுத்தமும் சேர்ந்தது கரடுமுரடான சாலையில் நுரை தட்டாமல் உழைக்கும்.

மூன்றாவது, நல்ல டயரும் சக்கர அலைன்மெண்டும். ‘வண்டி வளைவில் மிதக்கிறது’ என்று குறைகூறுவோரில் பலருக்கு இம்மூன்றோடு குறை தீர்ந்துவிடும். சுருளைத் தொடவே வேண்டியிராது.

நான்காவதுதான் சுருள். அதுவும் உங்கள் வண்டியின் வகைக்கென்றே செய்ததாக, 2 அல்லது 3 செ.மீ.க்கு மேல் தாழ்த்தாததாக இருக்கட்டும். ஷாக் அப்சார்பரின் அடக்கும் ஆற்றல், சுருள் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூட வேண்டும். கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அடக்கம் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும். புதிய சாதாரண ஷாக் அப்சார்பரே அதைத் தாங்கும். கடினம் பாதியளவு கூடினால் அடக்கமும் ஏறத்தாழ கால் பங்கு கூட வேண்டும். அதற்கெனத் தனி ஷாக் அப்சார்பர் வாங்கியே தீர வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர் அந்தச் சுருளையும் வாங்கலாகாது. சுருள் மாற்றிய பின் மறுபடியும் அலைன்மெண்ட் பார்த்தல் கட்டாயம். கழற்றிய சுருள்களைப் பத்திரமாக வையுங்கள்; வண்டியை விற்கும் நாளில் அவை உதவும்.

கடைசியாக, சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, இத்தடையை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. கேரளத்து மோட்டார் வாகன அதிகாரிகள் இவ்விஷயத்தில் கண்டிப்பானவர்கள்; எல்லையைக் கடந்து நாள்தோறும் செல்லும் நம்மவர் இரு மாநிலத்து அதிகாரிகளுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள். ஆதலின் சுருள் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். வாய்மொழியாக ‘ஒன்றும் ஆகாது’ என்னும் கடைக்காரர், விபத்து நேர்ந்த நாளில் உங்களுடன் வந்து நிற்கமாட்டார்.

தம்பிமார்களே, மேற்சொன்ன நான்கில் முதல் மூன்றுக்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. எவ்வயதினரும் அவ்வண்டியில் அச்சமின்றி அமரலாம். நான்காவதற்கு அனுமதி கிடைக்கவில்லையெனில் அந்தப் பணத்தைத் தவணையில் கட்டுங்கள். பந்தய ஆசை அப்போதும் தீரவில்லையா? செட்டிபாளையம் தொலைவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று, ஓடுவதற்கென்றே தாழ்த்திய வண்டிகள், ஓடுவதற்கென்றே அமைத்த தளத்தில் ஓடுவதைக் கண்டு வாருங்கள்.