சதுரங்கமும் சமுதாயமும்

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு சமுதாயம் யாரை அருகில் அமர்த்திக் கொள்கிறது, யாரை வாசலில் நிறுத்தி வைக்கிறது என்பதைக் காட்டும் கண்ணாடியும் அதுவே. 64 கட்டங்களைக் கொண்ட சதுரங்கப் பலகைக்கு இக்கூற்று மிகவும் பொருந்தும்.

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் இந்திய மண்ணில் பிறந்தது இவ்வாட்டம். இது பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபு நாடுகளில் 'ஷத்ரஞ்ச்' எனப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் அரசவையில் விளங்கிய அஸ்ஸூலி இதன் நுட்பங்களை நூலாக எழுதினார். அரபு மக்களின் வழியாகவே இது ஐரோப்பாவை அடைந்தது. இன்று உலகமே சொல்லும் 'செக்மேட்' என்பது 'ஷாஹ் மாத்' என்னும் தொடரின் திரிபே. பாரசீகரின் அமைச்சர் காய், ஐரோப்பியர் கையில் அரசியாக மாறியது. கைமாறிய ஒவ்வொரு சமுதாயமும் தன் பங்கைச் சேர்த்தது. எதுவும் இதைத் தனக்கு மட்டும் உரியதெனப் பூட்டி வைக்கவில்லை.

இவ்வாட்டம் கூடுமா, கூடாதா என்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே பண்டுதொட்டே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி அறிஞர்கள் பெரும்பாலும் கண்டிப்புக் காட்டினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழிவந்தோர் இதை விரும்பத்தகாதது என்றனரேயன்றி, சூது கலவாமலும் தொழுகை தவறாமலும் ஆடுவதை ஹராம் என்று விலக்கவில்லை. பணம் வைத்து ஆடலாகாது, கடமையை மறந்து ஆடலாகாது என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. ஆகவே நம் பெரியோர்களின் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் கைப்பேசியிலேயே சூதாட்டம் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில், ஆசிரியரின் கண்பார்வையில் போடப்படும் ஒரு சதுரங்க மேசை அவ்வச்சத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது என்பது என் கருத்து.

திறமை எங்கும் பிறக்கிறது. ஆனால் எங்கும் வளர்வதில்லை. இதற்கு மூவரின் வாழ்வு சான்றாகும்.

பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், உமர் ஹயாத் கான் என்னும் நிலக்கிழாரின் ஆதரவில் இருந்தவர். 1929-இல் அவருடன் இலண்டன் சென்று, அவ்வாண்டிலேயே பிரித்தானிய வாகையர் பட்டம் வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். உலக வாகையராயிருந்த காபாபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் வீழ்த்தினார். புரவலர் தாயகம் திரும்பவே இவரும் திரும்பினார்; உலக அரங்கில் அவருடைய ஆட்டம் அத்துடன் நின்றது. 1966-இல் அவர் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024-இல்தான்!

போபாலைச் சேர்ந்த முகம்மது ரஃபீக் கான் தச்சுத் தொழிலாளி. உளி பிடித்த கையால் காய் நகர்த்தி 1976-இல் தேசிய வாகையரானார். 1980-இல் மால்டாவில் நடந்த ஒலிம்பியாடில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கைத்தொழில் செய்பவனுக்கு மூளை விளையாட்டு எதற்கு என்று கேட்போர்க்கு அவர் வாழ்வே விடை.

மூன்றாமவர் தமிழகத்தின் மானுவல் ஆரோன். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசிய வாகையர். இவருடைய பெருமை பட்டங்களோடு முடியவில்லை. 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் 'தால் சதுரங்கக் கழகம்' தோன்ற வழி செய்தார். தாயிடம் ஆட்டம் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்துக்கு அங்கே பலகையும், நூல்களும், தன்னினும் வலிய எதிராளிகளும் கிடைத்தனர். 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலக வாகையர். அவர் அமைத்த பாதையில் 2024 டிசம்பரில், 18 வயதில், குகேஷ் உலக வாகையரானார்.

சுல்தான் கானுக்குக் கிடைத்தது ஒரு புரவலர். ஆனந்துக்குக் கிடைத்தது ஒரு கழகம். புரவலர் போனால் ஆட்டம் போகும். கழகமோ அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் பள்ளிபாளையத்திற்கு வருவோம். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. இக்கரையில் விசைத்தறிகளும் காகித ஆலையும். இரவு ஷிப்டு முடித்துத் தந்தை உறங்கும் வேளையில், தறியோசைக்கு நடுவே பாடம் படிக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவ்விரைச்சலில் மனத்தை ஒருமுகப்படுத்தும் பிள்ளைக்குச் சதுரங்கம் எட்டாக் கனியா? பலகையின் விலை பெரிதன்று. பயிற்சிக் கட்டணமும், போட்டிகளுக்குச் சென்றுவரும் செலவுமே ஏழைத் தந்தையைத் தடுக்கின்றன. 2022-இல் மாமல்லபுரத்தில் உலகமே கூடி ஆடியது. அந்த வெளிச்சம் தலைநகரோடு நின்றுவிடலாமா?

இதற்கு மாளிகை வேண்டியதில்லை. பள்ளியிலோ நூலகத்திலோ வாரம் இருநாள் மாலையில் நான்கு மேசைகள் போதும். ஆட்டம் அறிந்த ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கட்டும். எங்கள் கல்லூரி மாணவர் இளையோருக்குக் கற்பிக்கட்டும். செல்வர்கள் ஒரு பிள்ளையின் போட்டிச் செலவையேனும் ஏற்கட்டும். தமிழகத்தின் விஜயலட்சுமியும் வைஷாலியும் பெண்களின் ஆற்றலை நிறுவிவிட்டனர். எனவே பெண்பிள்ளைகளுக்கும் அம்மேசையில் சரிநிகர் இடம் வேண்டும். எம்மதத்தவர் பிள்ளையாயினும், தறி உரிமையாளர் மகனும் தறித் தொழிலாளி மகளும் எதிரெதிரே அமரட்டும். பலகைக்கு முன் இருவருக்கும் பதினாறு காய்களே; ஒருவருக்கு ஒரு காய் கூடுதலில்லை.

எல்லாரும் கிராண்ட் மாஸ்டர் ஆகப் போவதில்லை. ஆனால் எதிராளியின் எண்ணத்தை மதிக்கவும், நகர்த்தும் முன் சிந்திக்கவும், தோற்றபின் கைகுலுக்கவும் பழகிய பிள்ளைகள் ஓர் ஊருக்குக் கிடைத்தால், அவ்வூர் பெற்றது சிறிய வெற்றியன்று. சிப்பாய் எட்டாம் கட்டம் அடைந்தால் உயர்ந்த காயாகும் என்பது ஆட்டத்தின் விதி. அதுவரை செல்ல அதற்கு வழிவிடுவது, சமுதாயப் பெரியோர்களே, நம் கையில் உள்ளது.