கியூபாவின் சொல்லும் செங்கற்பட்டுத் தொழிற்சாலையும்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் சுமார் 100 ஏக்கர் நிலத்தில் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை நிற்கிறது. 2012-ல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக மத்திய சர்க்கார் அனுமதி தந்து, பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக் கட்டியது. கட்டிடம் எழுந்தது, யந்திரங்களும் வந்தன. ஆனால் 2021 மே மாதத்தில் கொரோனா ஊர் ஊராகச் சூறையாடியபோது, அங்கிருந்து ஒரு குப்பி மருந்துகூட வெளிவரவில்லை! செங்கற்பட்டுத் தொழிலாளியும் மாமல்லபுரம் கடலோரக் குப்பத்து மீனவரும் ஊசிக்காகக் காத்துக் கிடந்தனர்.

அதே ஆண்டில் கியூபா என்ன செய்தது? தமிழகத்தின் ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத தேசம் அது. 1962 முதல் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் பொருளாதார முற்றுகையில் சிக்கியிருப்பது. அந்த நாடு அப்டாலா, சொபரானா என்ற தடுப்பூசிகளைத் தானே கண்டுபிடித்துத் தன் மக்களுக்குப் போட்டது. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் போட்டது. அத்துடன் நிற்கவில்லை. ஈரானின் பாஸ்டர் நிலையத்தோடு சேர்ந்து சோதனை நடத்தியது. அங்கேயே உற்பத்தி செய்ய வழிவிட்டது. வியத்நாமுக்கு அப்டாலாவை அனுப்பியது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கியூபாவின் சொல் ஏறியது. காரணம் என்ன? அங்கே ஆராய்ச்சிக்கூடமும் தொழிற்சாலையும் ஜனங்களின் உடைமை. கையில் சரக்கு இருந்ததால்தான், மற்ற நாடுகளோடு சமமாக அமர்ந்து, கூட்டு ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்று அதனால் பேச முடிந்தது.

நம் சர்க்காரும் பேசியது. 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவுடன் சேர்ந்து, கொரோனா மருந்துகளின் காப்புரிமையை நிறுத்திவைக்கும்படி உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கோரியது. நியாயமான கோரிக்கை, நாம் வரவேற்கிறோம். பணக்கார நாடுகள் இழுத்தடித்து, 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும் ஓர் அரைகுறைச் சலுகை தந்தன. ஆனால் ஜெனீவாவில் காப்புரிமைப் பூட்டை உடைக்கச் சொன்ன சர்க்கார், செங்கற்பட்டில் தன் சொந்தத் தொழிற்சாலையின் பூட்டைத் திறக்கவில்லையே! 2021-ல் அதைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட அல்லவா முயன்றது? குத்தகைக்குத் தாருங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று மாநில சர்க்கார் கேட்டும் பலன் இல்லை.

"பொதுத்துறைக்குத் திறமை இல்லை" என்பார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். குன்னூரும் கிண்டியும் பல்லாண்டு நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தந்தவை. தர விதிகளைக் காட்டி 2008-ல் அவற்றின் லைசென்சுகளை நிறுத்திவைத்தது சர்க்கார்தான். குறை இருந்தால் பணம் போட்டுச் சீர்செய்ய வேண்டும். கதவை மூடினால் லாபம் யாருக்கு? 2021-ல் கண்டோம்: ஒரே ஊசிக்கு மத்திய சர்க்காருக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு விலை!

ஆகவே நாம் கோருவது இதுதான். திருமணித் தொழிற்சாலை முழு அளவில், பொதுத்துறையிலேயே இயங்க வேண்டும். அதன் நிர்வாகத்தில் மாநில சர்க்காருக்கும் விஞ்ஞானிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இடம் வேண்டும். கியூபா போன்ற நாடுகளோடு அங்கே கூட்டு ஆராய்ச்சி நடக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோய் நமக்குத் தவணை கொடுத்து வரப்போவதில்லை.