ரெண்டு பர்சென்ட்!

மாடிப்படி ஏறும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, டோக்கன் அட்வான்ஸ் ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது கேட்டேன்.

''அண்ணாச்சி, உங்க கமிஷன்...?''

''அதெல்லாம் என்ன சார், ஊர்ல உள்ளதுதான். ரெண்டு பர்சென்ட்!''

குரோம்பேட்டையில் பழைய ஃப்ளாட். 55 லட்சம். ரெண்டு பர்சென்ட் என்று காதில் விழுந்தபோது டீயில் போடும் சர்க்கரை அளவுக்குத்தான் தோன்றியது. பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டால்... 1,10,000 ரூபாய்! இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

என் நிதி நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இந்த விலை வீட்டுக்கு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, 44 லட்சம் பாங்க். 11 லட்சம் நான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஒரு 4,95,000. பி.எஃப். காலி, மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில். இதற்கு மேல் அண்ணாச்சிக்கு எதை விற்பது?

மறுநாள் வீட்டு ஓனருக்கு போன் போட்டேன். ''சார், வீட்டை வித்துக் கொடுத்ததுக்கு புரோக்கர் கமிஷன் நீங்கதானே தரணும்?''

''நல்லா இருக்கே! வீட்டைக் காட்டினது உங்களுக்கு. நீங்கதான் தரணும்.''

அண்ணாச்சியிடமே பஞ்சாயத்துக்குப் போனேன். அவர் குழப்பமே இல்லாமல் சொன்னார்: ''ரெண்டு பேரும்தான்!''

ஆபீஸில் சட்டம் படித்துவிட்டு எங்களோடு ஃபைல் தள்ளிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்.

''2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செஞ்ச புராஜெக்ட்டுகளை விக்கற ஏஜென்ட் தானும் பதிவு செஞ்சுக்கணும்னு சொல்லுது. கமிஷன் எவ்வளவு, யார் தரணும்னு சொல்லலை. பேசிக்கறதுதான் கணக்கு. நீ பேசினியா?''

''இல்லை.''

''அப்போ 1872 ஒப்பந்தச் சட்டம், 219-வது பிரிவு. தனியா ஒண்ணும் பேசிக்கலைன்னா, வேலை முடிஞ்ச பிறகுதான் கூலி. அதுவரைக்கும் நீ அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அதோட ஒண்ணு யோசி. விலை ஏற ஏற அவர் கமிஷனும் ஏறுது. ரெண்டு பக்கமும் வாங்கறவர், விலையைக் குறைக்க உனக்காக எவ்வளவு மல்லுக்கட்டுவார்?''

அன்று ராத்திரி ஓனரே கூப்பிட்டார். குரலில் தேன்.

''சார்... விலை படியலைன்னு அந்த ஆள்கிட்ட சொல்லிடுங்க. ஒரு மாசம் கழிச்சு நாம நேரா முடிச்சுக்கலாம். ரெண்டு பேருக்கும் மிச்சம்!''

தூக்கம் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். ''ஏங்க, அவர் காட்டலைன்னா இப்படி ஒரு வீடு இருக்கறதே உங்களுக்குத் தெரியுமா?'' என்றாள். கேட்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டேன். 1,10,000 ரூபாய் சார்! மனசாட்சிக்கு அவ்வளவு சத்தம் கிடையாது.

காலையில் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குப் போனேன். பத்திர ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, 'விலை படியலை' என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

''வில்லங்கச் சான்று பார்த்தீங்களா சார்?''

பார்த்திருந்தேன். பதிவுத்துறை வெப்சைட்டில் காசில்லாமலே பார்க்கலாம். 'வில்லங்கம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பயந்து மூடிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

''ஓனர் பாங்க் கடனை 2019-லயே அடைச்சுட்டார். ஆனா பத்திரத்தை அடமானம் வெச்ச எம்.ஓ.டி.க்கு ரசீது பதியவே இல்லை. வில்லங்கத்துல இன்னும் பாங்க் பேர் நிக்குது. உங்க பாங்க் வக்கீல் பார்த்தா ஃபைலை ஓரமா வெச்சிடுவார். அக்ரிமென்ட் போட்டு தேதி ஓடிப்போச்சுன்னா உங்க அட்வான்ஸ் மாட்டிக்கும். முதல்ல அதைப் பதிஞ்சு தரச் சொல்லி ஓனர்கிட்ட நேத்தே சண்டை போட்டுட்டேன்.''

ராத்திரி போனில் வழிந்த தேனுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. என் திட்டத்துக்கும் வெட்கம் வந்தது.

அங்கேயே பேசி முடித்தேன். என் பக்கம் ஒரு பர்சென்ட், 55,000. பத்திரம் பதிவான அன்று தருவேன். ஓனர் பங்கு அவருக்கும் ஓனருக்கும். ரசீது பதிவாகி வில்லங்கம் சுத்தமானால்தான் அக்ரிமென்ட். எல்லாவற்றையும் கடை பில்லின் பின்புறம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முன்புறத்தில் துவரம் பருப்பு அரை கிலோ.

பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இஸ்திரிக்காரர் ஒருவரும் வாட்ச்மேன் ஒருவரும் அண்ணாச்சியை நெருங்கினார்கள். வீடு விலைக்கு வருகிறது என்று முதலில் சொன்னவர்களாம். என் 55,000 அங்கேயே மூன்றாகப் பிரிந்தது. அண்ணாச்சி பங்கு நான் நினைத்த அளவு பெரிதில்லை!

நான் கற்றுக்கொண்டது இதுதான். வீடு பார்க்கப் படியேறும் முன்பே எத்தனை பர்சென்ட், எந்தத் தொகைக்கு, யார் தருவது, எப்போது, அந்தப் பக்கமும் வாங்குகிறாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வெட்கப்பட்டால் விலை 1,10,000.

போன வாரம் ஆபீஸில் ஒரு பையனிடம், ''எங்க எதிர் ஃப்ளாட் விலைக்கு வருதுப்பா. வந்து பாரேன்'' என்றேன்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

''முதல்ல உங்க கமிஷன் எவ்வளவு, சார்?''

பிழைத்துக்கொள்வான்!