திறமை இருந்தால் மேலே வந்தே தீருவானாம்!

சென்ற வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "திறமை இருந்தா எவனாலும் தடுக்க முடியாது சார். மேல வந்தே தீருவான். வராதவனெல்லாம் சாக்கு சொல்றவன்."

இந்த வசனத்தை முப்பது வருடத்துக்கு மேலாக அலுவலகத்தில் கேட்டவன் நான். சொல்பவர் எப்போதும் மேலே வந்துவிட்டவராகத்தான் இருப்பார். அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அதுவும் நமக்குச் சம்பந்தமே இல்லாத பனிக்கட்டி ஹாக்கியை வைத்து.

2014 டிசம்பரில் ழான் பெலிவோ இறந்தபோது, பிரெஞ்சில் படித்தவன் என்பதால் கெபெக் மாநிலத்துச் செய்திகளைத் தேடித்தேடி வாசித்தேன். மொந்த்ரியால் கனடியன்ஸ் அணிக்கு ஆடி, பத்து முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர். பத்தாண்டுகள் அணித்தலைவர். கெபெக்காரர்களுக்கு அவர் ஏறக்குறைய ஒரு குலசாமி.

அதற்கு முன்பு அவர் ஆடியது கெபெக் நகரத்து ஏசஸ் என்ற சிறிய அணியில். ஒரு காகித ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்தில் பிறந்த அணி அது. ஆடிய லீக், பெயருக்கு அமெச்சூர். ஆனால் சம்பளம் உண்டு. பெலிவோவுக்கு அங்கே நல்ல வருமானம், ஊரில் ராஜ மரியாதை. மொந்த்ரியால் கூப்பிட்டும் அவர் நகரவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் உங்களிடம்தான் வருவேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான். மாறாதவரை அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

மொந்த்ரியால்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த லீக்கையே விலைக்கு வாங்கினார்கள்! 1953-ல் அது தொழில்முறை லீக் என்று அறிவிக்கப்பட்டது. உடனே அதில் ஆடும் எல்லோரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். பெலிவோவுக்கு வேறு வழியில்லை. ஐந்து வருட ஒப்பந்தம், ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஆக, அந்த லீக்கின் முதல் தொழில்முறைப் பருவம் 1953-54 தொடங்கியதே ஒரு இளைஞனை மேலே தூக்கிக்கொண்டு போவதற்காகத்தான்.

இப்போது அதே ஏசஸ் அணியில், பெலிவோவோடு சேர்ந்து ஆடிய இன்னொருவரைப் பாருங்கள். ஹெர்ப் கார்னகி. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1919-ல் டொரொன்டோவில் பிறந்தவர். கறுப்பர். ஏசஸுக்கு வருவதற்கு முன்பு, கெபெக்கின் இன்னொரு லீக்கில் மூன்று வருடம் தொடர்ந்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்வானவர். அவர் ஆட்டத்தைப் பெலிவோவே மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.

1948-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தது. ஆடிக் காட்டினார். கிடைத்தது என்ன? கீழ்மட்ட அணிகளில் இடம், அதுவும் கெபெக்கில் வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. பெண்டாட்டி பிள்ளை உள்ள மனிதர், மறுத்துவிட்டார்.

"கொடுத்தார்களே, அவர்தானே மறுத்தார்?" என்பார் என் நண்பர். ஐயா, கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒருவனுக்கு வேலை இல்லை என்று எழுதினால் எழுதியவன் கேள்விக்கு ஆளாவான். அவனே வேண்டாமென்று சொல்லும்படி ஓர் உத்தரவு தயாரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட உத்தரவுகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். பதினெட்டு வருடம் தினக்கூலியாக இருந்து, மூன்று அதிகாரிகளுக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருவரைத் தூரத்துக் கிளைக்கு, இன்னும் கீழான பணிக்கு மாற்றிய உத்தரவு அதில் ஒன்று. அவர் வரமாட்டேன் என்றார். "தானாக விலகினார்" என்று கோப்பு மூடப்பட்டது. அந்த வரியை அடித்த விரல்கள் இவை. அன்று நானும் வாய் திறக்கவில்லை.

ஒருவருக்காக ஒரு லீக்கையே வாங்கத் தெரிந்த விளையாட்டு அது. இன்னொருவருக்காக ஒரு நாற்காலியை நகர்த்தத் தெரியவில்லை. பழக்கமில்லை என்றும் சொல்ல முடியாது. அதே மொந்த்ரியாலில் 1946-லேயே ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் ஆடினார், மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஹாக்கி முதலாளிகளுக்குத்தான் கண் தெரியவில்லை. ஏசஸ் தொழில்முறை அணியான அந்த முதல் பருவத்தில் கார்னகி அங்கே இல்லை. ஒன்டாரியோவில் ஒரு பருவம் ஆடிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

"வில்லி ஓ'ரீ வந்தாரே?" என்று கேட்கலாம். வந்தார். அதே ஏசஸில் ஆடியவர்தான். 1958 ஜனவரி 18 அன்று, பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பரானார். கார்னகியின் தேர்வு முகாமுக்குப் பத்து வருடம் கழித்து! ஒரு கண்ணில் பார்வை போனதை மறைத்து ஆடியவர் அவர். பெரிய லீக்கில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 45 ஆட்டங்கள். மற்ற காலமெல்லாம் சிறிய லீக்குகளில்தான். ஒருவர் சுவரேறிக் குதித்தார் என்பதற்காக அங்கே சுவரே இல்லை என்று வாதிடலாமா?

கார்னகி 2012-ல் காலமானார். 2022-ல் ஹாக்கியின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். செத்தவனுக்குச் சந்தன மாலை.

சிறிய லீக்கில் ஆடியவர்கள் எல்லோரும் சின்ன ஆட்டக்காரர்கள் அல்ல. அவர்களை அங்கேயே நிறுத்திவைத்தவர்கள்தான் சின்ன மனிதர்கள். நாளைக் காலை நடையில் நண்பரிடம் இதைச் சொல்லப் போகிறேன். அந்தத் தினக்கூலிக்காரரைப் பற்றியும் சொல்வேன். அதற்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும்.