சுவர் யாருக்கு?

கடல் உயர்கிறது, தோழர்களே! 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. உயரும் வேகமும் கூடிவருகிறது. கடலை நம்பி வாழும் துறைமுகங்கள் கைகட்டி நிற்கலாமா?

நெதர்லாந்து நிற்கவில்லை. 1953-இல் பொங்கிய கடல் அந்நாட்டில் 1,836 உயிர்களைக் குடித்தது. அழுதார்கள், அழுததோடு அமைந்துவிடவில்லை! ராட்டர்டாம் துறைமுகத்துக்குச் செல்லும் நீர்வழியில் 1997-இல் மாபெரும் வெள்ளக் கதவை அமைத்தார்கள். கப்பலுக்குத் திறந்தே கிடக்கும் அக்கதவு, புயலிலே கடல் பொங்கினால் மூடிக்கொள்ளும். 2023 டிசம்பரில் அப்படித்தான் மூடியது.

இங்கே? சென்னைத் துறைமுகத்துக்கென எழுப்பிய தடுப்புச்சுவர், வடக்கு நோக்கி நகர்ந்த மணலை மறித்தது. தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரக் கரை கரைந்தது. கப்பலுக்குக் காவலான சுவர், குப்பத்துக்குக் காலனாயிற்று!

சுவரே கூடாதென்று நாம் சொல்லவில்லை. உயர்த்துங்கள் மேடையை, வலுப்படுத்துங்கள் சுவரை! ஆனால் கிரேன் எத்தனை அடி உயரத்தில் நிற்கவேண்டும் என்று கணக்கிடுவோர், மூட்டை சுமக்கும் தோழனின் வீடும் வலைவீசும் மீனவனின் குடிலும் எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றன என்பதையும் அதே ஏட்டில் எழுதட்டும். எழுதும்வரை கேட்போம்: சுவர் யாருக்கு?